பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பாத்திப் பூண்டு

செம்பூரில் பூண்டு விளையாது என்று எனக்குச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. மாடியில் குடியிருக்கும் நாசிக் ஊர்க்காரி சொன்னாள். விதைப்பூண்டு விற்ற தாராவிக் கடைக்காரரே சொன்னார். விற்கிற மனுஷனே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? பூண்டுக்குக் குளிர் வேண்டுமாம், பம்பாய்க் குளிர் போதாதாம், மேலே தாள் மட்டும் வரும், அடியில் ஒன்றும் இருக்காது என்றார். நீங்கள் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்றால், இப்போது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

எல்லாம் என் மகளுக்காகத்தான். ஒரே மகள். ஆகஸ்டில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து குடையை உதறிக்கொண்டிருந்தபோது போன் செய்தாள். உண்டாகியிருக்கிறாளாம். மார்ச் மாதம் என்று டாக்டர் சொன்னாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை வைத்த பிறகு, இதை யாரிடம் சொல்வது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவர் போய்ச் சில வருஷமாகிறது. குடையை விரித்துக் காயவைத்துவிட்டு, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, எந்த அறையில் கட்டிலைப் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் பூண்டுதான் முதல் மருந்து. சுட்டுக் கொடுப்பார்கள், குழம்பில் அள்ளிப் போடுவார்கள், பாலில் வேகவைத்து மசித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு லேகியம் கிண்டிக் கொடுப்பார்கள். பால் சுரக்கும், வாயு போகும், உடம்பு இறுகும். அதற்குப் பூண்டைக் கடையில் வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கடையில் கிடைப்பது வெள்ளை வெளேரென்று குண்டாக இருக்கும், கடித்தால் காரமே இருக்காது. அதையா என் மகளுக்குக் கொடுப்பேன்? நிஜத்தைச் சொன்னால், அது மட்டும் காரணமில்லை. ஆபீஸ் வேலையிலிருந்து ரிடையராகி, பேச்சுத்துணைக்கு டிவியை வைத்துக்கொண்டிருக்கிறவள் நான். மார்ச் மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க என்னால் ஆகாது.

எனக்கு அந்த லேகியம் கிடைக்கவில்லை. அவள் பிறந்தபோது தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மாமியாருக்கு ஊரில் இன்னொரு மருமகளின் பிரசவம். வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கேட்டால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் சாப்பிட்டது பாவ் ரொட்டியும் சாயும். மறுநாளும் அதுதான். பால் வரவில்லை. பிள்ளை காய்ந்த மார்பைச் சப்பிச் சப்பி அழும், நானும் கூடச் சேர்ந்து அழுவேன். கடைசியில் டப்பாப் பால்தான் அவளை வளர்த்தது. இதையெல்லாம் அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் என் மகளுக்கு இந்தக் கதி வரக்கூடாது, அவள் பெற்று எழுந்திருக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன், என் கையால் அவள் வாயில் மருந்து போடுவேன் என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு சிக்கல். மகள் கட்டிக்கொண்டது முலுண்டில் இருக்கும் ஒரு ஜைன வீட்டுப் பையனை. ஆபீஸில் பழக்கம். குஜராத்திக்காரர்கள். நல்ல பையன், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்த வீட்டில் மண்ணுக்கடியில் விளைகிற எதையும் தொடமாட்டார்கள். வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, பூண்டு என்ற பேச்சே கிடையாது. ஒரு செடியை வேரோடு பிடுங்கினால் அதோடு மண்ணிலிருக்கும் எத்தனையோ சிற்றுயிர் சாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. மீன்குழம்பு இல்லாமல் உனக்குச் சோறு இறங்காதே என்று கல்யாணத்துக்கு முன்னால் கேட்டேன். அங்கே அவர்கள் சாப்பாடு, இங்கே வந்தால் உன் சாப்பாடு என்றாள். அப்படித்தான் நடந்தது. மாதம் ஒரு ஞாயிறு வருவாள். சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். போகும்போது ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு போவாள். உண்டானதிலிருந்து மீனைத் தொடவில்லை. மசக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா என்ன சொல்வாரோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே போன் செய்தார். தாய் வீட்டுக்கு அவர்கள் பாஷையில் பியர் என்று பேராம். முதல் பிரசவம் எங்களிலும் பியரில்தான், ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்ததும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அன்று சாயங்காலமே மண்வெட்டி வாங்கினேன்.

என் வீடு கீழ்த்தளம். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் வரை ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு மண். கட்டடத்துச் சொசைட்டியின் பொது இடம்தான். ஆனால் என் கதவு வழியாகத்தான் அங்கே போக முடியும் என்பதால் என்னுடையது என்று நானே வைத்துக்கொண்டேன். ஒரு கறிவேப்பிலையும் ஒரு பப்பாளியும் நின்றன. மிச்சத்தைக் கொத்தினால் செங்கல் துண்டு வருகிறது, ஷாம்பூ பாக்கெட் வருகிறது, யார் வீட்டுச் சீப்போ வருகிறது. மழை ஓய்ந்து தீபாவளி வருவதற்குள் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் சாணி எருவும் மூட்டையாக வாங்கிக் கலந்து பாத்தியை மேடாகக் கட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தைலம் தேய்த்துவிட ஆளில்லாத முதுகுக்குத் தைலம் எதற்கு என்று அப்படியே படுத்துக்கொண்டேன்.

குளிர் வேண்டும் என்றால் பிரிட்ஜில் வை என்று நாசிக்காரிதான் வழி சொன்னாள். அவள் பிறந்த வீட்டில் ஏக்கர் கணக்கில் பூண்டு போடுவார்களாம். விதைப்பூண்டைப் பையில் கட்டிக் காய்கறித் தட்டில் வைத்தேன். தீபாவளி வரை என் வீட்டுப் பால், தயிர், வெண்ணெய் எல்லாம் பூண்டு மணத்தது. பிறகு எடுத்து, தோல் உரியாமல் பல் பல்லாகப் பிரித்து, கூர் மேலே பார்க்க விரல் கணு ஆழத்தில் ஊன்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிப் பற்கள் வெளியே கிடக்கின்றன. காக்கை! திரும்ப ஊன்றிப் பழைய மீன்வலையை மேலே விரித்தேன். அடுத்தது மாடி வீட்டு ஏசி. அதன் தண்ணீர் சொட்டுச்சொட்டாகப் பாத்தியின் ஒரு மூலையில் விழுந்தது. வழி சொன்னவள் என்றெல்லாம் பார்க்கவில்லை, படியேறிப் போய் நாசிக்காரியிடம் சண்டை போட்டேன். குழாயை நீட்டி அந்தப் பக்கம் விட்டாள். ஒரு வாரம் பேசாமலிருந்தோம். பச்சை முளை வந்த அன்று ஜன்னலிலிருந்து அவள்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஞாயிறுதோறும் மகளுக்குப் பாத்தியைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். முளை வந்தது, இரண்டு இலை விட்டது, ஒரு சாண் ஆயிற்று என்று. பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வரும். எதற்கம்மா பூண்டு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளை பெற வருகிறவளுக்குப் பூண்டு எதற்கு என்று சொல்லவா வேண்டும்? அவளுடைய வயிறும் பாத்தியும் சேர்ந்தே வளர்ந்தன. இரண்டுக்கும் மார்ச்தான் கணக்கு.

வீட்டையும் தயார் செய்தேன். படுக்கையறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, நான் ஹாலுக்கு மாறினேன். கக்கூஸில் உட்காருகிற மாதிரி வெஸ்டர்ன் வைத்தேன். கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்ட மின்விசிறியை மாற்றினேன். தாராவிக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி டப்பாவில் அடைத்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு வாயெல்லாம் பல். மகள் வருகிறாள், ஆறு மாதம் இருப்பாள் என்று, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஜனவரியில் சீமந்தம். மாட்டுங்காவில் கண்ணாடி வளையலும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு முலுண்டுக்குப் போனேன். சம்பந்தி வீட்டார் நன்றாகத்தான் செய்தார்கள். சிவப்புச் சேலையில் மகளை மணையில் உட்காரவைத்து, மடியில் தேங்காயும் அரிசியும் நிரப்பினார்கள். நான் வளையல் அடுக்கினேன். அந்த மடியோடு அவள் அப்படியே தாய் வீட்டுக்குப் புறப்பட வேண்டும், அதுதான் முறை. கீழே டாக்ஸியை நிறுத்தி வைத்திருந்தேன். டிரைவரிடம் கர்ப்பிணிப் பெண் வருகிறாள், மெதுவாக ஓட்ட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மகள் என்னை அவள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நான் வரலைம்மா."

"இன்னைக்கு வரலையா? நாளைக்கு வாரேன்ட்டி, கூட்டிட்டுப் போக."

"இல்லம்மா. டெலிவரி இங்கேதான். அதுக்கு அப்புறமும் இங்கேயே இருக்கேன். ஹாஸ்பிட்டல் பக்கத்துல. அங்கே நீ ஒரே ஆளு. திடீர்னு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ யாரைக் கூப்பிடுவ?"

என்னைப் பெற்றவள் இல்லாமல், கூப்பிட ஆளில்லாமல் இவளைப் பெற்றேன். அதையா சொல்வது? வாயில் வந்தது வேறு.

"பூண்டு போட்டிருக்கேன்ட்டி. உனக்குத்தான்."

"தெரியும்மா. போட்டோ பார்த்தப்பவே தெரியும்." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் அதெல்லாம் விட்டுட்டேன். மீனும் விட்டாச்சு. யாரும் சொல்லலைம்மா, சத்தியமா. வயித்துக்குள்ள ஒண்ணு அசையுதுல்ல, அப்புறம் எனக்கே முடியலை. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர்கள்தான் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. சம்பந்தியம்மாவே வெளியே நின்று, போய்விட்டு வரட்டும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன் சகோதரி என்று ஹிந்தியில் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் மகளின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். டாக்ஸிக்காரன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "பேட்டி நஹி ஆயி?" மகள் வரவில்லையா என்று கேட்டான். பேசாமல் வண்டியை எடுய்யா என்று தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. செம்பூர் வரைக்கும், நான் சொன்னபடியே, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தேன். பூண்டு ஜம்மென்று நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலையை விலக்கி ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். அடியில் சின்ன வெங்காயம் போல் ஒரு உருண்டை, பல் பிரியவே இல்லை. கடைக்காரர் சொன்னது சரியாகிவிட்டதே என்று இன்னும் ஆத்திரம். இரண்டாவது செடியில் கை வைக்கும்போது மாடி ஜன்னலிலிருந்து நாசிக்காரி கத்தினாள். பைத்தியமா உனக்கு, பிரிவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, மண்ணை மூடு என்றாள். கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சில நாள் தண்ணீர் விடவில்லை. காயட்டும் என்று கதவைச் சாத்தி வைத்தேன். படுக்கையறையில் ஜன்னல் பக்கம் இழுத்த கட்டில் அப்படியே கிடந்தது. புது விசிறியின் கீழே படுக்கவும் மனமில்லை, கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளவும் மனமில்லை. ஹாலில் பாயிலேயே படுத்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் மகள் வந்தாச்சா என்று கேட்பார்களே என்று, அவர்கள் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் வெளியே போனேன். ஒரு நாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டக் கதவைத் திறந்தபோது, வாடி நுனி கருகின தாளோடு பூண்டு நின்றுகொண்டிருந்தது. அது என்ன பாவம் செய்தது? திட்டிக்கொண்டே தண்ணீர் விட்டேன். உன்னை யாரும் கேட்கவில்லை, எதற்கு வளர்கிறாய், முளைக்காமல் தொலைய வேண்டியதுதானே என்று தினமும் காலையில் ஒரு பாட்டுத் திட்டுவேன். பேச ஆளில்லாத வீட்டில் மனுஷி எதோடும் பேசுவாள்.

மனதில் ஒரு மூலையில் ஆசை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றுப் போட்டதும் உடம்பு தளர்ந்து, அம்மா என்று ஒரு சத்தம் கொடுக்க மாட்டாளா? பால் இல்லை என்று பிள்ளை அழுதால் அப்போது பூண்டாவது ஒன்றாவது, யார் தடுத்தாலும் தின்பாள். நான் அந்த அழுகையைக் கேட்டவள். எனக்குத் தெரியும். இப்படியெல்லாம் நினைத்துவிட்டு, என் மகளுக்குப் பால் வரக்கூடாது என்றா வேண்டுகிறேன், ஆண்டவரே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

பிப்ரவரி கடைசியில் தாள் அடியிலிருந்து மஞ்சளாகி மடிந்தது. தண்ணீரை நிறுத்தச் சொன்னாள் நாசிக்காரி. மண் வெடிப்பு விட்டதும், கையால் பறித்தால் தாள் அறுந்துவிடும் என்று கரண்டியால் அடியை நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தேன். கடையில் விற்கிற மாதிரி வரவில்லை. சிலதில் நாலைந்து பல், மற்றதெல்லாம் பிரியாத ஒற்றைப்பூண்டு. ஆனால் ஒன்றை உரித்து நாக்கில் வைத்தேன் பாருங்கள், உச்சி மயிர் நின்றுவிட்டது. ஒற்றைப்பூண்டுக்குத்தான் மருந்துக்குணம் அதிகம் என்று எங்களில் சொல்வார்கள். மண்ணை உதறி, வெயில் படாமல் காய வேண்டுமென்று மகளுக்காகப் போட்ட கட்டிலுக்கடியில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். அந்த அறைக்கு ஒரு ஆள் வந்த மாதிரி, வீடெல்லாம் மணம்.

பிறந்த செய்தி சம்பந்தியம்மாவின் போனில்தான் வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். வலி கண்டதும் சொல்லியிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டேன்.

பூண்டை உரித்தேன். நகக்கண் எரிந்தது. பாலில் குழைய வேகவைத்தேன், வாசனை பாதி அடங்கிவிடும். மசித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, சுக்குப்பொடி தூவி, நல்லெண்ணெய் பிரிந்து வரும் வரை கிண்டினேன். கன்னங்கரேலென்று பளபளவென்று வந்தது. பார்த்தால் சுக்கு லேகியம் என்றுதான் எவரும் சொல்வார்கள். அப்படித்தான் நானும் சொல்வதாக இருந்தேன். பச்சை இஞ்சிதான் ஆகாது, காய்ந்த சுக்கு அவர்களுக்கு ஆகும். மகள் தெரியாமல் தின்றால் பாவம் எனக்குத்தானே, அதை நான் சுமந்துகொள்கிறேன் என்று எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மூடியை அழுத்தி, மேலே இரண்டு பிளாஸ்டிக் கவர் சுற்றினேன்.

குர்லாவில் வண்டி மாறி முலுண்டு போகிற வரை டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். என்னம்மா இது என்று கேட்டால் சுக்கு லேகியம்ட்டி என்று சொல்ல வேண்டும். ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குரல் எங்கே தடுக்கும் என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி அறையில் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் தெளிவாக இருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. சம்பந்தியம்மா தன் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற கோந்துப் பிசினும் சுக்கும் நெய்யும் போட்ட உருண்டை ஒன்றை என் கையில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பிறகு நீங்கள் அம்மாவும் பெண்ணும் பேசுங்கள் என்று சாய் வாங்கப் போனார்.

நான் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மகள் எட்டிப் பார்த்தாள். லேகியமா என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஒரு கரண்டி எடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள். சின்னப் பிள்ளையில் மருந்து கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு திறப்பாளே, அதே மாதிரி.

நான் பொய்யைத் தயார் செய்து வைத்திருந்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கரண்டி என் கையிலேயே நின்றது.

"என்ன போட்டிருக்குன்னு கேக்க மாட்டியாட்டி?"

கண்ணைத் திறந்தாள். "நீ குடுக்கிறதை ஏம்மா கேக்கணும்?"

அவ்வளவுதான். என்னால் முடியவில்லை.

"பூண்டு இருக்குட்டி," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கோபப்படவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை மெதுவாக டப்பாவுக்கே திருப்பினாள். பிடித்த கையை விடாமல் வைத்திருந்தாள். பால் எப்படி என்று கேட்டேன். நல்லா வருதும்மா, பாப்பா குடிச்சு முடிக்கவே மாட்டேங்குது என்றாள். சட்டை ஈரமாகியிருந்தது. என் பூண்டு இல்லாமலே ஊறியிருந்தது. சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சம்பந்தியம்மா வருவதற்குள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். சாய் குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தேன். பாத்தி குழி குழியாக வெறுமையாகக் கிடந்தது. காக்கை ஒன்று வந்து கிளறிப் பார்த்துவிட்டுப் போயிற்று. டப்பாவை நாசிக்காரிக்குக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவளுக்கு இது எதற்கு? குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. மூடியைத் திறந்து ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். முதலில் கருப்பட்டி, அப்புறம் சுக்கு, கடைசியில்தான் பூண்டு. தொண்டை வழியாக இறங்கி அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. இதுவரை நான் இதைத் தின்றதே இல்லை. நன்றாக வந்திருந்தது. எழுந்து போய்க் கரண்டி எடுத்து வந்தேன்.

இரண்டு கரண்டி சாப்பிட்டிருப்பேன், மகளின் போன் வந்தது.

"வீடு போய்ச் சேந்தியாம்மா?"

"சேந்தாச்சு."

"ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். லேகியம்."

சிரித்தாள். "அது பிள்ளை பெத்தவங்க சாப்பிடறதும்மா."

"நானும் பெத்தவதானட்டி."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பிறந்தப்போ உனக்கு யாரும்மா செஞ்சு குடுத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் குடுக்கலை. இப்பத்தான் சாப்பிடுதேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பாலைக் குடு என்று சொல்லிப் போனை வைத்தேன். டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.